முன் பெஞ்சு விக்கிரகம்

தவக்காலம் வந்தால் போதும், பிரசங்கங்களில் விக்கிரக ஒழிப்பு ஆரம்பமாகிவிடும். சிலையைக் கும்பிடுவது மட்டும் விக்கிரக ஆராதனை இல்லையாம். செல்போன் ஒரு விக்கிரகம். சீரியல், கிரிக்கெட், ஃபேஸ்புக், பேங்க் பேலன்ஸ்... கடவுளின் இடத்தில் எதை வைத்தாலும் அது நவீன விக்கிரகம். சரியான பேச்சுதான். நாற்பது நாள் கறியைத் தள்ளி வைக்கிற மாதிரி, செல்போனையும் தள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈஸ்டர் அன்று இரண்டும் திரும்பி வந்துவிடும்.

அந்தப் பட்டியலில் லேசில் இடம்பெறாத விக்கிரகம் ஒன்று இருக்கிறது. தேடி அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ‘மணமகள் தேவை’ பக்கத்தைப் பிரியுங்கள். ஆர்.சி. உடையார், ஆர்.சி. பிள்ளை, சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. வன்னியர்... முன்னால் இருக்கிற இரண்டு, மூன்று எழுத்து ஞானஸ்நானத் தண்ணீரில் வந்தது. பின்னால் இருப்பது எந்தத் தண்ணீரிலும் கரையாதது.

பி.காம். படித்தவர்களுக்கு ‘குட்வில்’ தெரியும். கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத சொத்து. கடை நடக்கிறவரை கணக்குப் புத்தகத்தில் அது தலைகாட்டாது. கடை கைமாறும்போதுதான் அதற்கு விலை போடுவார்கள். ஜாதியும் அப்படித்தான். பாடற்குழுவில், அசனத்தில், கிறிஸ்துமஸ் கேக்கில் தெரியாது. “எங்க சர்ச்ல அதெல்லாம் யாரு சார் பாக்குறா?” என்பார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போதும், பிணத்தைப் புதைக்கும்போதும் வெளியே வரும்.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். ஜாதியையா, சபையையா என்று கேட்டதும், யோசிக்காமல் பதில் சொன்னார்கள்!

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழும்பிய கத்தோலிக்கக் கோயில் இன்னும் விசேஷம். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி பிரியும் கட்டடம் இரண்டு. ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். நடுவே சுவர். ஆண்டவர் ஒருவரே, ஆனால் நுழைகிற வழி வேறு. 1910-ல் அந்தச் சுவரை இடித்தவர் கௌசானல் என்ற பாதிரியார். உடனே பாவசங்கீர்த்தனம் செய்தார்கள் என்று நினைத்தீர்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். சுவர் எங்கள் உரிமை என்று ஐகோர்ட் வரை போய்த் தோற்றார்கள்.

2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதில் மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். சண்டையின் இரண்டு பக்கத்திலும் ஜெபமாலை.

“ஜாதி சர்டிஃபிகேட் கவர்மென்ட் கேக்குதே, நாங்க என்ன பண்றது?” என்று ஒரு வாதம் வரும். அது வேறு, இது வேறு. 1950 ஜனாதிபதி உத்தரவு காரணமாக தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை எஸ்.சி. பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். மதம் மாறியும் அடி விழுகிறது, மருந்து கொடுங்கள் என்று அவர்கள் கேட்பது நியாயம். கல்யாண விளம்பரத்தில் ஜாதி போடச் சொல்லி எந்த தாசில்தார் உத்தரவு போட்டார்?

விக்கிரகத்தைக் கண்டுபிடிக்க, அது என்ன பலி கேட்கிறது என்று பார்த்தால் போதும். செல்போன் தினம் இரண்டு மணி நேரம் கேட்கும். பைபிளில் வருகிற மோளேகு பெற்ற பிள்ளையைக் கேட்டது. மகள் விரும்பிய பையன் அதே சபை, அதே பைபிள், நல்ல வேலை. ஜாதி மட்டும் வேறு. “அவ எங்களுக்குச் செத்துட்டா” என்று தலைமுழுகிவிட்டு, மறு ஞாயிறு முன் பெஞ்சில் உட்காருகிறார் அப்பா. நற்கருணையும் வாங்குகிறார். இது எந்தத் தெய்வத்துக்குக் கொடுத்த பலி? செல்போனைத் திட்டும் பிரசங்கியார் இதைக் கேட்கமாட்டார். கேட்டால் முன் பெஞ்சு காலியாகிவிடும்; காணிக்கைத் தட்டும்தான்.

விட முடியாதா? விட்டவர்கள் இருக்கிறார்கள். அதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றவர் நீலகண்ட பிள்ளை. தேவசகாயம் ஆனார். திருவாங்கூர் அரண்மனை அதிகாரி, எல்லா ஜாதியோடும் சரிசமமாகப் பழகினார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உதறிய வாலை அவர் பெயரில் நாம் விடாமல் ஒட்டி வைத்திருந்தோம். சிலர் மனுப் போட்டுப் போராடிய பிறகு 2020-ல் ‘பிள்ளை’யை வாடிகன் நீக்கியது. 2022 மே மாதம் போப் பிரான்சிஸ் அவரை வெறும் தேவசகாயமாகத்தான் புனிதராக அறிவித்தார். அந்த வாலை எடுக்க இருநூற்று எழுபது வருஷம்.

ஊரெல்லாம் அவருக்குக் கொடியேற்றம் நடக்கிறது. அவர் பெயரை வைத்த பையனுக்கும் ஆர்.சி.க்குப் பக்கத்தில் ஜாதி போட்டுத்தான் பெண் தேடுகிறார்கள். ‘ஜாதி தடையில்லை’ என்றும் அங்கே விளம்பரம் வராமல் இல்லை. கொஞ்சம் கூர்ந்து படியுங்கள். பெரும்பாலும் அது மறுமணமாக இருக்கும்.