"மலடி" என்னும் வசை யாரைச் சேரும்?

நம்மவர் இல்லங்களில் ஒரு ஸ்திரீ அடிவயிறு நோகிறதென்றால் விடை தயாராயிருக்கிறது: "உஷ்ணம்!" வெள்ளைபட்டாலும் உஷ்ணந்தான். வெந்தயமும் இளநீரும் கொடுத்து, எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்லிவிட்டால் குடும்பத்தாரின் கடமை தீர்ந்தது.

இளநீரின்மேல் நமக்குப் பகையில்லை. வெள்ளையெல்லாம் வியாதியென்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் வெள்ளையில் துர்நாற்றமும், அடிவயிற்றில் ஓயாத நோவும், காய்ச்சலும், சேர்க்கையின்போது வலியும் கண்டால், அதை உஷ்ணமென்று ஒதுக்குவது அறிவீனம். கிருமிகள் கருப்பை வாயிலிருந்து மேலேறி, கருப்பையையும் சினைக்குழாய்களையும் புண்ணாக்கும் அழற்சியாக அது இருக்கக்கூடும். கிளமிடியா, மேகவெட்டை என்பவற்றின் கிருமிகள் இதற்குப் பிரதான காரணங்கள். பிரசவத்திற்கும் கருச்சிதைவுக்கும் பின்னர் வருவதுமுண்டு. சிலருக்கு வலியே தெரியாது. புண் ஆறிய தழும்பு குழாயை அடைத்துக்கொள்ள, பிள்ளையில்லையே என்று சோதிக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு உலை வைப்பதுமுண்டு.

ஸ்வீடன் தேசத்து வைத்தியர் வெஸ்ட்ரோமும் அவர் கூட்டத்தாரும் 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். இந்நோய் ஒருமுறை கண்டவரில் 100-க்கு 8 பேரும், இருமுறை கண்டவரில் ஏறக்குறைய 20 பேரும், மும்முறையோ அதற்கு மேலோ கண்டவரில் 40 பேரும் குழாய்ப் பழுதால் பிள்ளைப்பேறு இழந்தனர்.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏன் வருகிறது? மனைவி மருந்துண்டு தேறுகிறாள். புருஷனோ, "எனக்கு நோவா, எரிச்சலா? நான் ஏன் மருந்து சாப்பிடவேண்டும்?" என்கிறார். ஆண்களிற் பலரிடம் கிளமிடியா ஓர் அறிகுறியும் காட்டாமல் குடியிருக்கும் என்பதை அவர் அறியார். டாக்டர் சொன்னாலும் கேளார். கிருமி திரும்புகிறது. சில ஆண்டுகளில் அவளுக்கு "மலடி" என்று பட்டம். அவருக்கோ இரண்டாங் கலியாணப் பேச்சு! என்ன நியாயம் இது?

நோயின் பெயரைக் கேட்டதும் பெண்ணின் நடத்தையை ஆராயப் புறப்படும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அஞ்சியே எத்தனையோ சகோதரிகள் வாய் திறப்பதில்லை.

தக்க காலத்தில் பிடித்தால் மருந்துக்கு அடங்கும் வியாதிதான் இது. வழக்கமாக 14 நாள் மருந்து. மூன்றாம் நாள் வலி நின்றதென்று நிறுத்தலாகாது. முன்பே ஏற்பட்ட தழும்பை மருந்து மாற்றாதென்பதால் ஒவ்வொரு நாள் தாமதமும் நஷ்டமே. கணவனுக்கும் கூடவே சிகிச்சை வேண்டும். இருவருக்கும் முடியும்வரை சேர்க்கை விலக்கவேண்டும்.

தோட்டத்திலிருந்தோ பட்டணத்திலிருந்தோ மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துவரும் கனவான்கள், வாசலில் வண்டியிலேயே அமர்ந்து புகைத்துக்கொண்டிராமல், உள்ளே சென்று தங்கள் பெயரையும் பதிந்துகொள்வார்களாக.