நோயாளியின் இரகசியம் யாருடைய சொத்து?



ஊர்வாய் எத்தகையது என்பதைத் தருமபுரி மாவட்டத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பென்னாகரத்துச் சிற்றூரிலாயினும் அரூர் மலையடிவாரத்திலாயினும், ஒருவன் எந்த மருத்துவரின் வாயிலில் நின்றான் என்ற செய்தி, அவன் வீடு திரும்புமுன்னே ஊர் வந்து சேர்ந்துவிடும். அந்தப் பேச்சுக்கு அஞ்சிச் சோதனைக்கே செல்லாதவன் மருந்தை இழக்கிறான்; பின்பு உயிரையும் இழக்கிறான். எனவே, நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வெறும் நாகரிகமன்று. அது மருத்துவத்தின் ஒரு பகுதி.

சட்டம் இதனை உணர நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். அந்நோயுற்றோரைக் காக்கும் சட்டமோ 2017-ல்தான் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10-ல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் குறித்த சில விலக்குகள் நீங்கலாக, எழுத்து மூலமான ஒப்புதலின்றி ஒருவரது எச்.ஐ.வி. நிலையை வெளியிடலாகாது என்கிறது அது. மனநல மருத்துவச் சட்டமும் அதே 2017-ல் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ல்தான். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரைச் சட்டத்துக்கு மாறாக வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டுவரை சிறை என்றது 2021-ம் ஆண்டுத் திருத்தம்.

நல்ல வேலிகள்தாம். ஆனால் காசநோயாளிக்கு எந்த வேலி? புற்றுநோயாளிக்கு எந்த வேலி? 2011-ம் ஆண்டு விதிகள் மருத்துவக் குறிப்புகளைத் தனிப் பாதுகாப்புக்குரியவை என வகுத்தன. 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அவற்றுக்குத் தனி இடம் தரவில்லை. துணிக்கடையில் தந்த தொலைபேசி எண்ணும், மார்பில் கண்ட கட்டியும் ஒரே தட்டில்! தவறிழைத்த நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அது போய்ச் சேருவது அரசின் கருவூலத்தில். இழப்பீடு கோர வழிதந்த பழைய 43-ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வகை செய்திருக்கிறது. மானம் இழந்தவள் பெறுவது என்ன? வெறுங்கை!

2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியில்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுத் திண்ணையிலேயே அளக்கப்படுகின்றன. அளவுகள் கணிப்பொறியில் ஏறுகின்றன. திட்டம் வாழ்க! ஆயின், வீடு தேடிச் சென்று பெற்ற செய்தி வீதிக்கு வந்துவிடலாகாது.

ஆதலின் நாம் கோருவன இரண்டு: மருத்துவக் குறிப்புக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு, மீறலால் பாதிக்கப்பட்டோர்க்கு நேரடி இழப்பீடு.

கோரிக்கையோடு நம் கடமை முடிந்துவிடுமா? நோயாளிக்கு உதவி வழங்கும் மேடையில் அவர் பெயரையும் நோயையும் ஒலிபெருக்கியில் உரைப்பதும், படம் எடுத்துப் பரப்புவதும் நம் கிளைகளிலும் நிகழலாகாது. உதவி பெறுவதற்கு விலையாக ஒருவர் தம் மானத்தைத் தரவேண்டியதில்லை. கொடுக்கும் கரம் உறுதியாக இருக்கட்டும். உடன் வரும் நாவு அடங்கியிருக்கட்டும்!