விலங்குகளில் ஸ்டென்ட் சோதனை: எங்கள் குழுவின் நிலைப்பாடு

ராமகுப்பம் மண்டலத்தில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட்டோடு வாழ்கிறவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்த குழு இது. விலங்குச் சோதனையை உடனே ஒழிக்கக் கோரும் மனுவை ஒட்டி நடந்த சண்டை உறுப்பினர்களுக்குத் தெரியும். முடிவு: இப்போதைய நிலையில் அதில் கையெழுத்திடுவதில்லை.

விலங்கில்லாத முறைகளையும் ஏற்கலாம் என்று 2023இல் மத்திய அரசு விதியைத் திருத்தியதை வரவேற்கிறோம். ஆனால் அது மருந்துக்கான விதி. ஸ்டென்ட் வருவது 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ். துடிக்கிற இதயத்தின் ரத்தக்குழாயில் ஸ்டென்ட்டின் உலோக வலையைச் சுற்றிச் சதை எப்படி வளரும் என்பதை உயிருள்ள உடம்புக்கு வெளியே முழுமையாகப் பார்க்க இன்னும் வழியில்லை என்பது எங்கள் குழுவின் பெரும்பான்மைக் கருத்து. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் இதய வால்வும் செம்மறி ஆடுகளில் தேறிய பிறகே 1990 டிசம்பரில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பெரும்பான்மையை ஏற்காதவர்களின் மாற்றுக் கருத்தும் பதிவாகியுள்ளது. 1960 சட்டத்தின் கீழுள்ள விலங்கு நல விதிகள் கூடுமானவரை கண்டிப்புடன் அமலாக வேண்டும்.

எங்களுக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். சோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் இளம் பன்றி. அதன் ரத்தக்குழாயில் கொழுப்பில்லை. அதற்குச் சர்க்கரையோ பீடிப் பழக்கமோ இல்லை. 28 நாளில் பார்த்தால் ஸ்டென்ட் வைத்த புண் ஆறியிருக்கும். நம் குழாய்க்கு மாதக்கணக்கு ஆகும். மருந்து பூசிய முதல் தலைமுறை ஸ்டென்ட்டில் ஓராண்டு கழித்தும் ரத்தம் உறையலாம் என்ற அச்சம் 2006இல்தான் பெரிதாகக் கிளம்பியது. தானே கரைந்துபோகும் என்று விற்ற அப்சார்ப் ஸ்டென்ட்டும் விலங்குகளில் பார்க்கப்பட்டதுதான். உலோக ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தம் அதிகம் உறைவது மனிதரிடம் தெரிந்தது. 2017 செப்டம்பரில் விற்பனை நின்றது. இங்கேயும் அது விற்றது.

பன்றி எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? மனிதர் மீதான சோதனையை 2009 முதல் பொதுப் பதிவேட்டில் ஏற்றியே தொடங்க வேண்டும். விலங்குச் சோதனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தோற்றதை ஒரு கம்பெனி அலமாரியில் பூட்டினால், அடுத்த கம்பெனி அதே தோல்விக்கு இன்னொரு மந்தையைக் கொல்லும். இதில் ஏமாறுவது பன்றியும் நோயாளியும் சேர்ந்தே. முடிவைக் கேட்டால் வியாபார ரகசியமாம்! 2005 அக்டோபர் வரை ஸ்டென்ட்டை மருந்துச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவராத நாட்டில், அதற்கு முன் வைத்துக்கொண்டவர்களிடம் போய் அதைச் சொல்லட்டும்.

2017 பிப்ரவரியில் வந்த ஸ்டென்ட் விலை உச்சவரம்பைக் காட்டி, சோதனைக்குப் பணமில்லை என்று கம்பெனிகள் சொன்னால் அதையும் ஏற்க மாட்டோம்.

ஆகவே ஒவ்வொரு விலங்குச் சோதனையும் தொடங்குமுன் பொதுவில் பதிவாக வேண்டும். தோல்வி உட்பட முடிவுகள் ஓராண்டுக்குள் வெளிவர வேண்டும். ஆறு மாதம் என்று கேட்டவர்களும் இதற்கு இணங்கியுள்ளனர். மனு எழுதியவர்கள் இதைச் சேர்த்தால், கையெழுத்து பற்றி மறுபடி பேசத் தயாராக இருக்கிறோம்.

— நிர்வாகக் குழு, ராமகுப்பம்