11 விநாடி சிசிடிவி கிளிப்பை நம்பி ஒரு பையன் கையை உடைச்சவங்களுக்கு

கொஞ்சம் நீளமான இழை. கோபத்துல எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ராயபுரம் பக்கம் கிளினிக் வெச்சிருக்கேன். ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. வயசு 19. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குற வேலை. புருவத்துக்கு மேல கிழிசல், இடது முன்கை வீங்கிப் போயிருந்தது. (அவனிடம் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் எதுவும் சொல்லல.)

எக்ஸ்ரேயில் அல்னா எலும்பு மட்டும் நடுவில் முறிஞ்சிருந்தது. இந்த முறிவை டாக்டர்கள் பார்த்தவுடனே முதல்ல ஒரு கேள்வி கேட்போம்: யார் அடிச்சாங்க? தலையில் விழுற கட்டையைத் தடுக்கக் கையைத் தூக்கினா உடையுற எலும்பு அது. கீழே விழுந்தா பெரும்பாலும் வேற மாதிரி உடையும்.

விஷயம் இதுதான். தெருவில் நின்ன ஒரு காரோட சைடு மிர்ரரை யாரோ உடைச்சு, கதவில் கோடும் போட்டுட்டாங்க. எதிர்வீட்டு கேமராவில் இந்தப் பையன் காருக்குப் பக்கத்தில் குனியுறது தெரியுது. 11 விநாடி. அதை டிவி திரையிலிருந்து போனில் படம் பிடிச்சு ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாங்க. "புள்ளிங்கோ வேலைதான்"னு ஒருத்தர். "எந்த வீடுன்னு எனக்குத் தெரியும்"னு இன்னொருத்தர். ஒரு மணி நேரத்துக்குள்ள நாலு பேர் கிளம்பிட்டாங்க.

அந்தக் கிளிப்பை நானும் பார்த்தேன். முதல் மாடி பால்கனியிலிருந்து எடுத்ததால தலை உச்சிதான் தெரியுது. எங்க ஊர் கடல் காத்து, லாரிப் புழுதி, கரி எல்லாம் லென்ஸில் படிஞ்சு பாதி மங்கல். பையன் மிர்ரரை உடைக்கக் குனிஞ்சானா, செருப்பு வார் அறுந்து குனிஞ்சானா? அந்த 11 விநாடியில் சொல்ல முடியாது. அவன் குனியும்போது மிர்ரர் ஏற்கனவே உடைஞ்சிருந்ததான்னு கூடத் தெரியல.

எங்க தொழிலில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் கீழே "கிளினிக்கல் கோரிலேஷன் தேவை"ன்னு ஒரு வரி வரும். படத்தை மட்டும் நம்பாதே, ஆளைப் பரிசோதின்னு அர்த்தம். மங்கலான ஒரு எக்ஸ்ரேயை வெச்சு நான் ஒருத்தர் காலை எடுத்தா நீங்க சும்மா விடுவீங்களா?

சரி, கார்காரர் பக்கமும் பேசணும். அவர் நஷ்டம் நிஜம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வெச்சிருந்தா இதுக்கு ஒரு பைசா வராது. ஸ்டேஷனுக்குப் போனா, சின்ன சேதம் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாம போலீஸ் நேரடியா விசாரிக்கிற குற்றம் இல்லை, ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோட அனுப்பிடுவாங்க. 2017-க்கு அப்புறம் "மூன்றாவது கண்"ணுன்னு சொல்லி, 50 மீட்டருக்கு ஒரு கேமரா வையுங்கன்னு சென்னை போலீஸ் தெருத் தெருவா கேட்டது. கடைக்காரங்களும் குடியிருப்போரும் கைக்காசு போட்டு வெச்சாங்க. கேமரா வெக்கச் சொன்னவங்க, பதிவை எடுத்துப் பார்க்க ஒரு ஆளை அனுப்பக் கூடாதா? அந்த வெற்றிடத்தில்தான் வாட்ஸ்அப் குரூப் கோர்ட்டா மாறுது.

அந்தக் கோர்ட் எங்கே கொண்டு போகும்னு வடசென்னைக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எண்ணூரைத் தாண்டினா பழவேற்காடு. 2018 மே மாசம், பிள்ளை பிடிக்கிறவன்னு வதந்தியை நம்பி ஒரு மனுஷனை அடிச்சு அங்கே பாலத்தில் தொங்கவிட்டாங்க. அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுத்தின ஒரு வீடியோ ஞாபகம் இருக்கா? பைக்கில் ரெண்டு பேர் குழந்தையைத் தூக்கிட்டுப் போறது, அச்சு அசலா சிசிடிவி பதிவு மாதிரியே இருக்கும். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு அட்டையைக் காட்டுற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிட்டாங்க. அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 2017 ஜனவரி 23, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைச்ச நாள். காக்கி உடுப்பில் இருந்தவங்க நிறுத்தி வெச்ச வண்டிகளை லத்தியால் நொறுக்கினதும், ஆட்டோ எரிஞ்சதும் ஜன்னல்லேர்ந்து எடுத்த போன் வீடியோக்களில் பட்டப்பகல்ல தெரிஞ்சது. அப்போ என்ன சொன்னாங்க? மார்ஃபிங்கா இருக்கலாம், விசாரிக்கணும்னாங்க. ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் வந்தது. விசாரிக்கணும்கிறது சரிதான். அந்தப் பொறுமை காசிமேட்டுப் பையனுக்கு மட்டும் ஏன் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கல?

கேமரா வெச்சிருக்கிறவங்க கவனிங்க. டிவிஆர் தானா பழையதை அழிச்சுட்டு மேல எழுதும். பல வீட்டில் பத்து பதினைஞ்சு நாள்தான் தாங்கும். அதனால அன்னைக்கே சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சேர்த்து மூலப் பதிவை பென் டிரைவில் எடுங்க. திரையைப் போனில் படம் பிடிக்காதீங்க. டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்தோட எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சு வைங்க. பக்கத்துக் கடை கேமராவையும் கேளுங்க. புகாரோட போலீஸிடம் கொடுங்க. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, பதிவோட நகலைக் கோர்ட்டில் காட்ட, கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் சான்றிதழ் தரணும். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?

இந்தக் கேஸில் முனைக் கடையில் ஒரு கேமரா இருக்கு. காரோட அந்தப் பக்கம் அதில் நல்லாத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை நானே போய்க் கேட்டேன். பதிவு அழிஞ்சிருச்சு. அதுவரை யாருமே வந்து கேட்கலைன்னார் கடைக்காரர். கார்காரரும் இல்லை, கட்டை எடுத்துட்டுப் போனவங்களும் இல்லை. மிர்ரரை உடைச்சது யாருன்னு இனி யாருக்கும் தெரியப் போறதில்லை.

அவனே உடைச்சிருந்தாலும் நான் இதைத்தான் எழுதியிருப்பேன்.

அடிதடி கேஸ்ங்கிறதால அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ஏ.ஆர். பதிவு பண்ண வெச்சேன். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் நாலு வாரமாவது ஆகும். அதுவரை ஐஸ் பெட்டி தூக்க முடியாது. அந்தக் கிளிப் இன்னும் உங்க குரூப்பில் கிடக்கு, முதல்ல அதை எடுங்க. அப்புறம், அவன் ஒரு நாள் கூலி எவ்வளவுன்னு உங்களில் ஒருத்தராவது போய் அவன் வீட்டில் கேளுங்க.