சிறைக்குப் போகும் நர்ஸ்

போன மாதம் அண்ணன் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அமெரிக்காவில், டெக்சாஸில் நர்ஸாக இருக்கும் அவர் மகள், பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மாநிலம் மாநிலமாகப் போய்ச் சிறைகளில் நர்ஸ் வேலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "நீயாவது அவளுக்குப் புத்தி சொல்லும்மா. மக எங்க இருக்கான்னு யாராவது கேட்டா, ஜெயில்ல இருக்கான்னா சொல்றது?"

34 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் குடும்பத்தில் நர்ஸ் சம்பந்தமான வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும். அவளிடம் நாலைந்து நாள் வீடியோவில் பேசினேன். தடுக்க நினைத்துத்தான் பேச ஆரம்பித்தேன். பேசி முடித்தபோது என் எண்ணம் மாறிவிட்டது. உங்களில் பலருடைய பிள்ளைகளும் அங்கே நர்ஸாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த ஊர் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கு ஏஜென்சி மூலம் குறிப்பிட்ட காலத்துக்கு நர்ஸ்களை அனுப்புவார்கள். இதற்கு 'டிராவல் நர்ஸ்' என்று பெயர். பெரும்பாலும் 13 வாரக் கான்ட்ராக்ட். சம்பளத்தோடு தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனியாகப் படி உண்டு. ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு வேறு பல மாநிலங்களில் வேலை பார்க்க ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 40 மாநிலங்களுக்கு மேல் அதில் சேர்ந்திருக்கின்றன. டெக்சாஸ் உண்டு, கலிபோர்னியா இல்லை. சிறைகளுக்கும் இப்படித்தான் நர்ஸ்கள் போகிறார்கள்.

சிறையில் வேலை என்ன? புதிதாக வருகிறவரை முதலில் பரிசோதிப்பது நர்ஸ்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய், குடியோ போதை மருந்தோ நின்றுபோனதால் வரும் நடுக்கம், தற்கொலை எண்ணம், எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். பிறகு தினமும் மாத்திரை வரிசை. விழுங்கினாரா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். உடம்புக்கு முடியாதவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அதைப் படித்து, எது அவசரம், எது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வதும் நர்ஸ்தான். ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் டூட்டி ஆரம்பத்திலும் முடிவிலும் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும். செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. என்ன குற்றம் செய்தாய் என்று நர்ஸ் கேட்பதில்லை. தன் வீடு, பிள்ளைகள் பற்றி எதுவும் சொல்வதுமில்லை.

அண்ணனுடைய பயம் ஆபத்து பற்றியது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அவள் சிரித்தாள். "அத்தை, இப்ப நான் இருக்கிற எமர்ஜென்சி வார்டுல குடிச்சிட்டு வந்து அடிக்க வர்றவங்க எத்தனை பேர்! அங்கயாவது பக்கத்துல ஒரு காவலர் நிப்பார்" என்றாள். இது முழு உண்மை இல்லை என்று அவளுக்கும் தெரியும். காவலர் குறைவாக இருக்கும் நாளும் வரும். ஆனால் என் கவலை வேறு. சிறை நர்ஸுக்கு வரக்கூடிய பெரிய கெடுதல் அடி உதை இல்லை, நம்பிக்கையின்மை. "இவன் நடிக்கிறான்" என்று நினைக்கும் பழக்கம்.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, வயிற்று வலி என்று விலங்கோடு ஒரு கைதியைக் கொண்டுவந்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர், "சும்மா நடிப்பு சிஸ்டர், ரெண்டு நாள் வெளிய படுக்கணும்ல" என்றார். அன்று வார்டில் கூட்டம். நானும் அதை நம்பிவிட்டேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போய்த் தொட்டால் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. குடல் புண் ஓட்டை விழுந்திருந்தது. ஓடினேன். ஆபரேஷன் நடந்தது, மனிதர் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து டிரெஸ்ஸிங் மாற்றும்போது, "அன்னிக்கு நீங்க என்னை நம்பலை, இல்ல சிஸ்டர்?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். இதுவரை வீட்டில்கூட யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. அண்ணன் மகளிடம்தான் முதலில் சொன்னேன்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. டெக்சாஸ் சிறையில் வேலை செய்துகொண்டிருந்த கேம்பிள் என்ற கைதி மீது 1973-இல் பஞ்சுப் பொதி விழுந்து முதுகில் அடிபட்டது. சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். டாக்டர் மீது அவர் சொன்ன புகாரை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே அலட்சியம் செய்வது அரசியல் சட்டம் தடை செய்த கொடூர தண்டனைக்குச் சமம் என்று 1976-இல் தீர்ப்பில் சொல்லிவிட்டது. இன்றுவரை அதுதான் விதி.

ஆனாலும் தடைகள் உண்டு. மத்திய அரசின் சிறைகளில் கைதி தானாகக் கேட்டு வைத்தியத்துக்கு வந்தால் பொதுவாக 2 டாலர் கட்டணம். அங்கே சாதாரண வேலைக்கு ஆரம்பக் கூலி மணிக்கு 12 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள், 16 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால்தான் ஒரு தடவை நர்ஸைப் பார்க்க முடியும். அப்படி வருகிறவரை "நடிப்பு" என்று திருப்பி அனுப்பலாமா? பொய் சொல்கிறவர்களும் இருப்பார்கள்தான். பத்துப் பேரில் ஒன்பது பேர் பொய் சொன்னாலும், பத்தாவது ஆளைத் தொட்டுப் பார்க்கத்தானே நமக்குச் சம்பளம்?

அதனால்தான் 13 வாரம் என்பது எனக்கு உறுத்துகிறது. சாவிக்கும் கதவுக்கும் பழகவே ஒரு மாதம் ஆகும். முகங்கள் பழகி, யார் எப்போதும் முனகுவார், யார் வாயைத் திறக்கவே மாட்டார் என்று தெரிய ஆரம்பிக்கும்போது கான்ட்ராக்ட் முடிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புது முகம். இதை அவளிடம் சொன்னேன். நல்ல இடமாக இருந்தால் கான்ட்ராக்டை நீட்டிக்கொள், கிளம்புவதற்கு முன் அடுத்து வருகிறவளுக்கு எல்லாவற்றையும் தெளிவாக எழுதி வைத்துவிட்டுப் போ என்றேன்.

போக நினைக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். எமர்ஜென்சியிலோ பெரிய வார்டிலோ இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டுப் போங்கள். படித்து முடித்த கையோடு போக வேண்டாம். சேரும் முன் ஏஜென்சியிடம் கேளுங்கள்: பயிற்சி எத்தனை நாள்? ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்? இரவில் டாக்டரைக் கூப்பிட்டால் யார் எடுப்பார்? கான்ட்ராக்டைப் பாதியில் ரத்து செய்தால் என் கதி என்ன? இரண்டு கான்ட்ராக்டுக்கு நடுவில் மருத்துவக் காப்பீடு உண்டா? தங்கும் படிக்கு வரி இல்லை என்று ஆசை காட்டுவார்கள். சொந்த ஊரில் செலவு செய்து நிரந்தரமாக ஒரு வீடு வைத்திருந்தால்தான் அந்தச் சலுகை. பணத்துக்காக மட்டும் போகிறவர்கள் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்வது நல்லது.

அவள் அடுத்த வாரம் ஒக்லஹோமாவுக்குக் கிளம்புகிறாள். அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: "யாராவது கேட்டா, என் மக நர்ஸா இருக்கான்னு சொல்லுங்க. அது போதும்."