கோப்பைத் திறக்கப் புதிய மென்பொருள் வாங்க வேண்டுமா?

2013-ஆம் ஆண்டில் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையை அடுத்த ஒரு கிளையில் கடன் பிரிவு அலுவலராக இருந்தேன். நான்கு லேத் இயந்திரங்களை வைத்துப் பட்டறை நடத்திவந்த வாடிக்கையாளர் ஒருவர் ஒரு நாள் தம் கணக்கறிக்கையுடன் என் மேசைக்கு வந்தார். கேஷ் கிரெடிட் கணக்கில் அபராத வட்டியாக ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பிடிக்கப்பட்டிருந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார்.

“ரெண்டு மாசமா ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கலைன்னு பிடிச்சிருக்கீங்க சார். நீங்க புதுசா அனுப்பின ஃபாரம் எங்க கம்ப்யூட்டர்ல திறக்கவே மாட்டேங்குது. கடையில கேட்டா, மெஷினே பழசு, புது கம்ப்யூட்டர், புது சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து முப்பத்தஞ்சாயிரம் ஆகும்கிறாங்க. அதுக்கு ஏதாவது லோன் கிடைக்குமா?”

அந்தப் படிவத்தை அனுப்பியவன் நான்தான். கையிருப்பிலுள்ள சரக்கின் மதிப்பை மாதந்தோறும் தெரிவிக்கும் அந்தப் பட்டியலின் வடிவம் மாற்றப்பட்டு மேலிடத்திலிருந்து வந்திருந்தது. வந்ததை வந்தபடியே எல்லாக் கடன்தாரர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவருடைய பட்டறையில் இருந்தது ஏறத்தாழப் பத்தாண்டு பழைய கணினி. அதில் வேர்ட் 2003. விலைப்புள்ளி அனுப்பவும் ரசீது அடிக்கவும் அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாங்கள் அனுப்பிய கோப்பை மட்டும் அதனால் படிக்க இயலவில்லை. கிளைக்குத் தொலைபேசியில் சொல்லியும் இருக்கிறார். யாரோ கேட்டுக்கொண்டார்கள், யாரும் எழுதி வைக்கவில்லை.

வங்கியின் படிவத்தைத் திறப்பதற்கு வங்கியிடமே ஒருவர் கடன் கேட்டது எனக்குச் சிரிப்பையும் வெட்கத்தையும் ஒருங்கே வரவழைத்தது. கோப்பைப் பழைய வடிவில் சேமித்து அவருக்கு மீண்டும் அனுப்ப ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அபராத வட்டியைத் திரும்ப வரவு வைக்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அன்று முதல் நான் கொண்டிருக்கும் கருத்து இதுதான்: ஒரு கோப்பைப் பெறுபவர் அதைப் படிப்பதற்காகப் புதிதாக ஒரு பொருளை விலைக்கு வாங்க நேர்ந்தால், குறை அனுப்பியவருடையது. பெறுபவர் பழைய கணினி வைத்திருப்பது குற்றமன்று. அதே வேளையில், வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அவர் நம்புவதும் பெரும்பாலும் தவறான தகவலால் விளைவது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சில ஆங்கில எழுத்துகளும் இருக்கும். டி, ஓ, சி என்று முடிந்தால் அது வேர்டின் பழைய வடிவம். அவற்றோடு எக்ஸ் என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் புதிய வடிவம், பேச்சுவழக்கில் ‘டாக்எக்ஸ்’. விண்டோஸ் இவ்வெழுத்துகளை மறைத்து வைப்பதுண்டு. கோப்பின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்திப் ‘பிராப்பர்ட்டீஸ்’ என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஆஃபிஸ் 2007 தொகுப்பில் இப்புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. பழைய தொகுப்புகளை வைத்திருந்தவர்களுக்காக, புதிய கோப்புகளைத் திறக்க உதவும் ஒரு துணைப்பொதியையும் அந்நிறுவனமே இலவசமாக வழங்கியது. 2018-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2013-இல் அது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பீன்யாவின் கணினிக் கடைக்காரர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அவரைச் சொல்லிப் பயனில்லை, நானும் அப்போது அறிந்திருக்கவில்லை.

புதிய வடிவம் ஏதோ பூட்டிய பெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. டாக்எக்ஸ் கோப்பு என்பது ஒரு ஜிப் பொதி. அதை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளுக்கு முன்னால் முதலில் தெரிவன பி, கே என்ற இரண்டு எழுத்துகள். ஜிப் முறையை வகுத்த பில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரிலுள்ள முதலெழுத்துகள் அவை. பொதியை அவிழ்த்தால் கடிதத்தின் வாசகம் ஓரிடத்திலும் படங்கள் வேறோரிடத்திலும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். இந்த அடுக்குமுறையின் விதிகள் வெளிப்படையானவை. 2006 டிசம்பரில் எக்மா என்ற தரநிலை அமைப்பும், 2008-இல் ஐஎஸ்ஓவும் இதைத் தரநிலையாக ஏற்றன. விதிகள் எவருக்கும் கிடைப்பதால், இவ்வடிவத்தைப் படிக்கும் மென்பொருளை எவரும் உருவாக்கலாம். பலர் உருவாக்கியும் விட்டார்கள்.

எங்கள் துறையிலிருந்து ஓர் ஒப்புமை சொல்கிறேன். வேறொரு வங்கியின் காசோலை உங்களுக்கு வருகிறது. அதைப் பணமாக்க அந்த வங்கியிலேயே கணக்குத் தொடங்கும்படி யாரும் உங்களிடம் சொல்வதில்லை. காசோலையின் அடியிலுள்ள ஒன்பது இலக்க எண்ணில் முதல் மூன்று ஊரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும் என்ற விதி எல்லா வங்கிகளுக்கும் பொதுவானது. ஆகவே உங்கள் வங்கியே அதைத் தீர்த்துத் தந்துவிடுகிறது. கோப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும். இன்று பெரும்பாலும் இருக்கிறது. அந்தச் செய்தி வாடிக்கையாளருக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

இன்றைய நிலையில் ஒரு டாக்எக்ஸ் கோப்பு உங்களுக்கு வந்து, கணினியில் வேர்ட் இல்லை அல்லது மிகப் பழையது என்றால் என்ன செய்யலாம்? முதலில் கணினியிலேயே தேடுங்கள். விண்டோஸ் 7 முதல் வேர்ட்பேட் என்ற சிறு மென்பொருள் இக்கோப்புகளைத் திறந்துவந்தது. அழகாகக் காட்டாது, படிக்கத் தடையிராது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது என்பதால், புதிய கணினி வைத்திருப்பவரைவிடப் பழைய கணினி வைத்திருப்பவருக்கு இவ்வகையில் வசதி கூடுதல் என்பது வேடிக்கை. ஜிமெயில் கணக்கு உடையவர்கள் கூகுள் டாக்ஸிலும், மைக்ரோசாஃப்ட் கணக்கு உடையவர்கள் வேர்டின் இணையப் பதிப்பிலும் கட்டணமின்றித் திறக்கலாம். கைப்பேசியிலும் இது நடக்கும்.

அடிக்கடி இத்தகைய கோப்புகளைக் கையாளும் சிறுதொழில் செய்வோருக்கு நான் பரிந்துரைப்பது லிப்ரெஆஃபிஸ். ஓப்பன்ஆஃபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்த தொகுப்பு இது. இலவசம், சட்டப்படியானது, தொழிலுக்கும் பயன்படுத்தலாம், எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். பட்டியல்களைத் தமிழிலேயே காட்டும் வசதியும் உண்டு. அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ள வேண்டும். திறப்பது மட்டுமன்றித் திருத்தலாம், டாக்எக்ஸ் வடிவிலேயே சேமித்துத் திருப்பி அனுப்பலாம்.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அட்டவணையின் பத்திகள் சற்று நகரும்; ஒரு பக்கத்தில் முடிந்தது இரண்டாம் பக்கத்துக்கு வழியும். எண்கள் மாறுவதில்லை, எனினும் கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. கடன் ஒப்பந்தம் போன்ற ஆவணங்களை எந்த வேர்ட் கோப்பிலும் இறுதி வடிவமாக ஏற்காதீர்கள்; அச்சிட்ட படியையோ பிடிஎஃப் படியையோ கேளுங்கள்.

தமிழ்க் கோப்புகளில் மற்றொரு குழப்பம் நேரும். கோப்பு திறந்துவிடும்; ஆனால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிரம்பியிருக்கும். மென்பொருள் பழையது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணம் வேறு. யூனிகோடு பரவலாகும் முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் போக்கில் எழுத்துகளை ஒதுக்கியிருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் எவ்வளவு புதிய வேர்டை வாங்கினாலும் அதே குழப்பம்தான் தெரியும். தட்டச்சு செய்து கொடுத்த கடையில் அந்த எழுத்துருவைக் கேட்டு வாங்குங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பணத்தை மிச்சப்படுத்தும் அவசரத்தில் வாடிக்கையாளர்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு வழிகள் எனக்கு உண்மையான கவலையைத் தருகின்றன. ஒன்று, கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்கு ‘ஏற்றித் தரும்’ திருட்டுப் படி. பீன்யா நண்பருக்கும் அந்த யோசனை சொல்லப்பட்டிருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் படி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆதாயத்துக்காகப் பயன்படுத்தாத தனிமனிதருக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம். தொழில் செய்பவர் அதை எதிர்பார்க்க முடியாது. சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. பூட்டை உடைத்துக் கொடுத்தவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் நெட்பேங்கிங் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கிறீர்கள். மின்னணுப் பரிவர்த்தனை மோசடிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பை ரிசர்வ் வங்கி 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் வரையறுத்துள்ளது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் விளைந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

மற்றது, தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் ‘இலவசமாக மாற்றித் தருகிறோம்’ வகைத் தளங்கள். ஐந்தொகையையும் பான் எண்ணையும் ஆதார் படியையும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் ஏற்றிவிட்டு, மாற்றிய கோப்பை இறக்கிக்கொள்கிறோம். அங்கே ஏற்றியது பிறகு என்ன ஆகிறது? கல்யாண அழைப்பிதழை மாற்ற அவ்வழி போதும். வங்கி ஆவணங்களுக்கு ஆகாது.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. வேர்ட் 2003-க்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. திருத்தம் நின்றுபோன இயக்க முறைமையில் நெட்பேங்கிங் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பணம் செலவழிப்பதென்றால் அங்கே செலவழியுங்கள். சொற்செயலிக்குச் செலவழிக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. நாள் முழுதும் பெரிய ஆவணங்களோடு உழல்பவர்கள், அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஒழுங்கு வேண்டுபவர்கள் தாராளமாக வாங்கட்டும். வணிகவியல் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: வருமான வரி விதிகளில் கணினிக்கும் மென்பொருளுக்கும் 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்பட்டுவந்திருக்கிறது. இவை எவ்வளவு விரைவில் பழையனவாகும் என்று வரித்துறைக்கே தெரிந்திருக்கிறது.

இனி எங்கள் பக்கம். “வேர்டில் அனுப்பினால் வாடிக்கையாளர் அதிலேயே நிரப்பி அனுப்பிவிடுவார், பிடிஎஃப் ஆனால் அச்சிட்டு எழுத வேண்டும்” என்று சக அலுவலர்கள் சொல்வார்கள். நியாயமான வாதம். ஆனால் நிரப்பத்தக்க பிடிஎஃப் படிவம் என்று ஒன்று இருக்கிறது; பிடிஎஃப் 2008 முதல் ஐஎஸ்ஓ தரநிலையும்கூட. அதைத் தயாரிக்க ஒருவர் ஒரு முறை சிரமப்பட்டால் போதும். ஆயிரம் வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு முறை சிரமப்படுவதைவிட அது மேல். மத்திய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை 2010 நவம்பரிலேயே வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் பொருளைச் சார்ந்து நிற்கும் நிலையைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பொதுமக்களோடு அன்றாடம் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் வங்கிகள் இவ்விஷயத்தில் இன்னும் வேகம் காட்டியிருக்கலாம்.

என் மேசையிலிருந்து இப்போது எந்தப் படிவம் போனாலும் வேர்ட் கோப்போடு பிடிஎஃப் படியும் சேர்ந்தே போகிறது. கேட்பவர்களுக்கு அச்சிட்ட தாளும் உண்டு. உங்கள் கிளையிலிருந்து திறக்க முடியாத கோப்பு வந்தால் கடைக்குப் போகும் முன் கிளைக்கு ஒரு வரி எழுதுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். அபராதம் ஏதும் பிடிக்கப்பட்டால் அந்த ஒரு வரி உங்கள் கையில் சான்றாக இருக்கும்.