அலவனுக்கு ஏன் சிறை?

பெசன்ட்நகர்க் கடற்கரையிலிருந்து வீடு திரும்பும் குடும்பங்களைக் கவனித்தால், சுண்டல் பொட்டலத்தோடு சில சமயம் இன்னொன்றும் போவது தெரியும். ஒரு பிளாஸ்டிக் பாட்டில்; அதில் கொஞ்சம் கடல்நீர்; அந்த நீரில் ஒரு சிறு நண்டு. கேட்டால், "பையன் ஆசைப்பட்டான், ஸார். ஜீவராசிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டுமே!" என்பார் தகப்பனார்.

ஒரு ஜீவன் எப்படிச் சாகும் என்பதைத் தவிர அந்தப் பாட்டிலிலிருந்து பையன் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறான்?

மணலில் வளை தோண்டி வாழும் இந்த நண்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் பேய் நண்டு. மணலின் நிறத்திலேயே இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். கடலோரத்தில் இருப்பதால் இதை நீருக்குள் வாழும் பிராணி என்று நினைத்துவிடுகிறோம். அதுதான் இல்லை. இது காற்றைச் சுவாசிப்பது. ஆனால் செவுள் ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரத்தைக் காலடியிலுள்ள மயிர்க் கற்றைகளால் நனைந்த மணலிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, வெகுநேரம் நீரில் அமிழ்த்தி வைத்தாலும் சாகும், உலரவிட்டாலும் சாகும். உச்சிவெயிலில் இதைக் காப்பாற்றுவது, ஈர மணல் வரை இறங்கும் வளைதான். பெரிய நண்டின் வளை மூன்றடிக்கு மேலும் போகும். எந்த வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மூன்றடி மணல் கொட்டப் போகிறீர்கள்? குழாய்த் தண்ணீரில் சமையலுப்பைக் கரைத்துவிட்டால் அது கடலாகிவிடுமா?

"நண்டைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற ஊரில் இந்தக் கருணை எதற்கு?" என்று சிலர் மடக்குவார்கள். குழம்பு வைப்பவனுக்குப் பசி என்ற நியாயமாவது இருக்கிறது. பாட்டிலில் அடைப்பவனோ தன் காரியத்துக்கு அன்பு என்று பெயர் சூட்டுகிறான். எனக்குச் சண்டை அந்தப் பெயரோடுதான். பிரியப்பட்டதையெல்லாம் பிடித்து அடைக்கலாம் என்று கற்ற பிள்ளை, நாளைக்கு மனிதர்களிடமும் அப்படித்தானே பிரியம் வைப்பான்?

நண்டோடு விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சங்ககாலத்து நெய்தல் நிலப் பெண்கள் கரையில் நண்டை விரட்டி விளையாடியிருக்கிறார்கள். அலவனாட்டல் என்று அதற்குப் பெயரே உண்டு. நண்டு வளைக்குள் ஓடி ஒளிந்தால் ஆட்டம் முடிந்தது. வளையையும் நண்டையும் வீட்டுக்குத் தூக்கிப்போவது அந்த ஆட்டத்தில் இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களுக்கும் குறைவில்லை. அட்லாண்டிக் கரையில் வாழும் இதன் உறவினம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2019-ல் ஒரு விந்தையைச் சொன்னார்கள்: எதிரியை நோக்கிக் கொடுக்கை ஓங்கியிருக்கும் வேளையில், வயிற்றுக்குள்ளிருக்கும் பற்களை அரைத்து அது உறுமுகிறதாம்!

பிள்ளைக்கு நண்டு வேண்டுமென்றால், பிள்ளையை நண்டிடம் அழைத்துப் போங்கள். பொழுது சாயும் நேரத்தில் வளைக்குச் சற்றுத் தள்ளி, கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். குச்சி நுனியில் வைத்தாற்போன்ற இரண்டு கண்கள் முதலில் எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு வாரி மணலை வெளியே எறிந்துவிட்டு நண்டு வரும். பையன் பார்ப்பான், பார்த்ததை மறக்கமாட்டான்.

அவ்வளவு நேரம் உட்காரத் தகப்பனாருக்குப் பொறுமையில்லை என்றால், அதற்காக நண்டு ஏன் சாக வேண்டும்?